இரண்டாவது ஸ்டெப்னி

கிருஷ்ணராஜின் ஜீப்புக்குப் பின்னால் இரண்டு ஸ்டெப்னிகள் இருந்தன. ஒன்று வண்டியோடு வந்தது. இன்னொன்றுக்குக் கோவில்பட்டிப் பட்டறையில் தனியாக ஒரு தாங்கி பற்றவைத்து மாட்டியிருந்தான்.

காரணம் முள். போன வருஷம் மணியாச்சிப் பக்கம் ஆட்டுக் கிடை மாற்றும்போது ஒரே நாளில் மூன்று டயர் போயிற்று. மூன்றிலும் வேலிக்கருவை முள். சக்கரத்தைக் கழற்றி பைக்கில் கட்டி, பஞ்சர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருநூறு ஆடுகளும் தண்ணீர் இல்லாமல் நின்றன. மறுவாரமே இரண்டாவது ஸ்டெப்னி வந்தது.

ஆட்டுக் கிடை ஒரு புஞ்சையில் நாலு நாள் இருக்கும், அடுத்ததில் ஆறு நாள். ஆடுகள் அடைந்து எருப் போட்ட நிலம் விதைப்புக்கு ஆகும் என்று புஞ்சைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். பாதை இல்லாத புஞ்சைகள்தான் அதிகம். ஆடுகள் நடந்தன. மற்றதையெல்லாம் ஜீப் சுமந்தது. மேலே தார்ப்பாய், கூடாரக் கம்புகள், ஆட்டை வளைக்கும் வலைகள், முளைக்குச்சிகள். உள்ளே தண்ணீர் டிரம், அடுப்பு, அரிசி டின், கம்பளிகள், நடக்க முடியாத குட்டிகள்.

அண்ணன் கண்ணபிரானுக்கு ஜீப்பில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏறுவான். ஏறியதும் பேச ஆரம்பிப்பான்.

“ஓடுதது நாலு, சும்மா வாரது ரெண்டு. ஏலே, ஆறு காலு வச்சிருக்க. இது வண்டியா, வெட்டுக்கிளியா?”

“முள்ளு குத்துனா வெட்டுக்கிளிதான் வேணும்.”

“சும்மா வாரது ரெண்டும் யாரு தெரியுமா? ஒண்ணு நீ. இன்னொண்ணு கண்ணுசாமி.”

கண்ணுசாமி, கண்ணபிரானின் மனைவி ஆவுடைத்தாய்க்குத் தம்பி முறை. கூட மேய்ப்பவன்.

“என்னைய ஏன் அத்தான் இழுக்குதிய? நான் பாட்டுக்கு இருக்கேன்.”

“அதத்தான் சொல்லுதேன். நீ பாட்டுக்கு இருக்க.”

ஆவுடைத்தாய் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

புரட்டாசிக் கடைசியில் எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே தேவஆசீர்வாதத்தின் புஞ்சையில் கிடை கிடந்தது. அந்தப் புஞ்சையில் விதைப்புக்கு முன் அதுதான் கடைசிக் கிடை. தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. இடையில் உழுத கரிசல் தவிர ஒன்றும் இல்லை.

அங்கே நான்காம் நாள் இரவில் மழை பெய்தது. அந்த வருஷத்தின் முதல் மழை. ஒரு மணி நேரம்தான். விடியும்போது வானம் தெளிந்திருந்தது. கோடையெல்லாம் வாய் பிளந்து கிடந்த மண் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவை வெளியே வந்திருந்தன.

ஆறே முக்காலுக்குக் கண்ணபிரான் வலையின் முளைக்குச்சியைப் பிடுங்கக் குனிந்தான். நிமிர்ந்து ஓரடி பின்னால் வைத்தான்.

“ஏட்டி ஆவுட, கடிச்சிட்டு.”

வலது கணுக்காலுக்கு மேலே. பாம்பை மற்ற மூவரும் பார்த்தார்கள். கண்ணாடி விரியன். அது அவசரப்படாமல் வெடிப்புக்குள் போயிற்று.

கண்ணுசாமி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் தார் ரோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். காலை அசைக்கக் கூடாது, நடக்க விடக் கூடாது என்றார்கள். போனை வைத்ததும் அவன் இரண்டு கம்புகளை உருவி, கம்பளியை அவற்றில் கட்டத் தொடங்கினான். தூளி கட்டித் தூக்கினால் சேற்றில் முக்கால் மணி நேரம் ஆகும்.

“ஜீப்பு நிக்கும்போது எதுக்குத் தூளி?” என்றான் கிருஷ்ணராஜ். “பத்து நிமிசம்.”

“ராத்திரி பெஞ்சிருக்குய்யா.”

“மேலாப்புலதான நனைஞ்சிருக்கு. நாலு வீலும் இழுக்கும்.” அவன் அண்ணனைப் பார்த்தான். “அண்ணே, நீ சொல்லு.”

கண்ணபிரான் மண்ணைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“ஜீப்புல போவோம்” என்றான்.

கண்ணுசாமி கம்பைக் கீழே போட்டான். என்ன நினைத்தானோ, மறுபடி எடுத்தான். கம்பளியோடு சுருட்டி ஜீப்பின் மேலே செருகினான். மற்றச் சாமான்கள், கிடை மாற்றுவதற்காக முந்தின நாளே பாதி ஏற்றியபடி இருந்தன. இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் இருநூறு மீட்டர் ஜீப் நன்றாகப் போயிற்று. ஆடுகள் மிதித்து இறுக்கிய தரை அது. அதன் பிறகு உழவு தொடங்கியது.

கரிசல் மண் ஈரத்தில் டயரைச் சுற்றும். சுற்றியது உதிராது. அதன் மேல் இன்னும் சுற்றும். சக்கரங்கள் பெருத்துக்கொண்டே வந்தன. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்தது. இன்ஜின் உறுமியது. நான்கு சக்கரமும் நின்றுவிட்டன.

கிருஷ்ணராஜ் கடப்பாரையால் மண்ணை இடித்துத் தள்ளினான். ஆவுடைத்தாய் கையால் வாரினாள். ஜீப் பத்தடி போயிற்று. மறுபடி நின்றது.

“பாரம்” என்றான் கிருஷ்ணராஜ். “பாரத்த எறக்கு.”

டிரம்மைக் கவிழ்த்தார்கள். அரிசி டின், அடுப்பு, வலைகள், தார்ப்பாய், கம்புகள் எல்லாம் சேற்றில் விழுந்தன. பிறகு ஸ்டெப்னிகள். முதல் சக்கரம் உடனே கழன்றது. இரண்டாவதன் நட்டுகளைத் திருட்டுக்குப் பயந்து இறுக்கி முடுக்கியிருந்தான். ஸ்பேனர் வழுக்கியது. கையிலிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தான். சட்டையிலும் மண்தான் இருந்தது. கடைசி நட்டு வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சக்கரம் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டு விழுந்தது.

கண்ணபிரான் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“இப்ப நாலு காலுதான். மாடாயிட்டு.”

அவன் பல் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. ஆவுடைத்தாய் முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் கசிந்தது.

ஜீப் முப்பதடி போயிற்று.

கண்ணுசாமியின் போன் அடித்தது. “எங்கன இருக்கிய?” என்று கேட்டார்கள். “நாங்க வந்துட்டோம்.”

“தெரியுது” என்றான் கண்ணுசாமி.

தெரிந்தது. பார்வைக்குத் தடை ஒன்றும் இல்லாத பூமி. தார் ரோட்டின் மேல் வெள்ளையாக, தீப்பெட்டி அளவுக்கு, மேலே விளக்கு சுழல ஆம்புலன்ஸ் நின்றது.

கிருஷ்ணராஜ் மறுபடி கடப்பாரையை எடுத்தான். கண்ணுசாமி அதைப் பிடுங்கித் தூர எறிந்தான். திரும்பி ஓடிப்போய்ச் சாமான் குவியலிலிருந்து கம்பையும் கம்பளியையும் எடுத்து வந்தான். மணி எட்டாகிவிட்டது.

முன்னால் கிருஷ்ணராஜ், பின்னால் கண்ணுசாமி. பக்கத்தில் ஆவுடைத்தாய் காலைப் பிடித்தபடி. செருப்புகளை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஏறியது. ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று உதறினார்கள். ஒரு தரம் கிருஷ்ணராஜ் விழுந்தான். தூளி தரையில் பட்டது. கண்ணபிரான் முனகினான்.

“அண்ணே.”

“ஒண்ணுமில்ல. நட.”

அதன் பிறகு அவன் பேசவில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு புஞ்சைக்குள் பாதி தூரம் வந்திருந்தார். கம்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார்.

“எத்தன மணிக்குக் கடிச்சுது?”

“ஆறே முக்கால்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரொம்பத் தூரத்துல இருந்து வாரீங்களோ?”

“இல்ல சார்” என்றான் கிருஷ்ணராஜ். “இங்கனதான்.”

கோவில்பட்டி வருவதற்குள் கண்ணபிரான் வண்டியிலேயே இறந்தான்.

ஐந்தாம் நாள் மண் காய்ந்தது. கிருஷ்ணராஜ் ஜீப்பை எடுக்கப் போனான். சக்கரங்களில் சுற்றியிருந்த மண் கல்லாகியிருந்தது. சுத்தியலால் உடைத்தான். தேவஆசீர்வாதம் வந்து பக்கத்தில் நின்றார். சேற்றில் கிடந்த வலைகளையும் தார்ப்பாயையும் அவர் வரப்பில் எடுத்துப் போட்டிருந்தார். ஆடுகளையும் அத்தனை நாள் அவர்தான் பார்த்துக்கொண்டார். அரிசி ஊறிப் பூசணம் பூத்திருந்தது.

“வண்டிய இங்கனயே போட்டுட்டுப் போயிருவியோன்னு நெனச்சேன் தம்பி” என்றார்.

“ஆடு கெடக்குல்லா அண்ணாச்சி.”

அடுத்த புஞ்சைக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். இரண்டாவது ஸ்டெப்னியையும் மாட்டினான். முள் அப்படியேதான் இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஆவுடைத்தாய்க்குக் காப்பி கொண்டுபோய் வைத்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பிப் போகவில்லை.

“மதினி, அன்னைக்கு நான் தூளியே கட்டுவோம்னு விட்டிருந்தா…”

அவள் டம்ளரை எடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

“ஒங்கண்ணன் ராத்திரியே சொன்னாவ” என்றாள்.

“என்ன சொன்னான்?”

“மழைச் சத்தத்துல முழிச்சாவ. ‘இனி மூணு நாளைக்கு நம்ம வெட்டுக்கிளி எழும்பாதுட்டி, காலையில கிருஷ்ணன் மூஞ்சியப் பாக்கணும்’னு சிரிச்சாவ.”

கிருஷ்ணராஜ் தரையில் உட்கார்ந்தான்.

“தெரிஞ்சா ஏன் ஜீப்புன்னான்?”

“நீ கேட்ட. அதான்.”

“அது ஒரு காரணமா மதினி?”

“நீ அன்னைக்கு நின்ன நெல அப்படி, தம்பி. ஒன்னப் பாத்து முடியாதுன்னு சொல்ல அவியளுக்கு வாய் வரல. வெளையாட்டுக்கு ஆயிரம் பேசுவாவ. நீ ஒண்ணு கேட்டு என்னைக்கு இல்லன்னிருக்காவ?”

வெளியே ஒரு பஸ் போயிற்று. அவள் மறுபடி டம்ளரை எடுத்து, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப ஒங்களுக்கும் தெரியும்” என்றான் அவன். “ஜீப்பு போவாதுன்னு.”

“தெரியும்.”

“நீங்களாவது சொல்லிருக்கலாம்லா.”

சொன்ன பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லிருக்கலாம்” என்றாள் ஆவுடைத்தாய்.