லிஃப்ட் மெக்கானிக்கின் சாவை வைத்திருந்தவர்கள்

கோடை முகாமின் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பக்கத்துத் தெருப் பெரியவரின் சாவை வாங்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியில் அவளைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அவள் கையில் ஒன்றுமே இல்லை என்றும், ஆனால் தளும்பத் தளும்ப நிறைந்த அண்டாவைக் கொண்டுவருகிறவள்போல இரண்டு கைகளையும் அகட்டி அடிமேல் அடி வைத்து நடந்தாள் என்றும் மூவருமே பின்னால் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று அவள் தலையாட்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ என்று அந்த மனிதர் இன்றுவரை மனம் கலங்குவதுண்டு.

முகாமை நடத்தியது தேவாலயம். விடுமுறையில் இரண்டு வாரம், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, தேவாலயத்தின் பின்னாலிருந்த கூடத்தில், நாற்பத்தாறு பிள்ளைகள். முதல் வாரம் சமாதானம். சண்டை போட்ட இரண்டு பேர் ஒரு முடிச்சுக் கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பேசாமல் அவிழ்க்க வேண்டும். அந்த வாரம் ஊரில் ஷூ லேஸ்கூட மிஞ்சவில்லை. இரண்டாம் வாரம் சேவை. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் "நான் தூக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். சந்தைப் பை, தண்ணீர் கேன், குப்பைக்கூடை, எதுவானாலும் சரி. தூக்கிக்கொடுத்ததும் அந்த வீட்டார் பிள்ளையின் அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அட்டைக்குப் பத்துக் கட்டம். விதிகள் மூன்றுதான்: கேட்டுவிட்டுத் தூக்கு, முகம் சுளிக்காதே, எடுத்ததைப் பாதி வழியில் இறக்காதே. மூன்றாவது விதியை எழுதியவள் முகாம் அக்கா. மருந்துக்கடையில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பெண். பிள்ளைகள் தக்காளிப் பையை நடுத்தெருவில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடக்கூடாதே என்றுதான் அதை எழுதினாள்.

செவ்வாய்க்கிழமைதான் விஷயம் கைமீறத் தொடங்கியது. தபால்காரரின் பையைத் தூக்கிய பையன் அவருடைய முழங்கால் வலியையும் சேர்த்துத் தூக்கிவிட்டான். தபால்காரர் திகைத்து நின்று, பிறகு மூன்று படி ஏறிப் பார்த்து, மறுபடி இறங்கி மறுபடி ஏறினார். புதன்கிழமை ரொட்டிக்கடைக்காரரின் கடைவாய்ப் பல்வலி ஒரு பெண் குழந்தையிடம் போனது. பஸ் டிரைவரின் ஆறு வருட விக்கல் இரட்டையர்களிடம் பாதிப் பாதியாகப் போய்ச் சேர்ந்தது. வலிகள் பிள்ளைகளிடம் தங்கவில்லை. புதுப் பல்லில் சொத்தையைத் தேடிப் பார்த்துவிட்டுப் பல்வலி மாலைக்குள் கிளம்பிவிட்டது. ஓடுகிற காலில் முழங்கால் வலியால் உட்கார முடியவில்லை. அதனால் யாரும் பயப்படவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும். மாறாக, தேவாலய வாசலில் வரிசை நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் வந்த வலியை மட்டுமே கொடுக்கலாம் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. எல்லோருடைய இடுப்பு வலியும் நேற்றுதான் வந்தது என்று எல்லோரும் சாதித்தார்கள். வெட்கக்கேடுதான்; ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமியை வீட்டில் பசை என்று கூப்பிடுவார்கள். எதைப் பிடித்தாலும் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். அப்பா இறந்து நான்கு வருடம். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை பசையின் அட்டையில் ஒன்பது கட்டம் நிரம்பியிருந்தது. பத்தாவது கட்டத்துக்காக அவள் தட்டிய கதவு ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்குடையது. வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டுகளின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தவர் என்பதால் தரைத்தளத்தைத் தவிர வேறெங்கும் குடியிருக்க மாட்டேன் என்று இருந்தவர். நுரையீரல் போய், நாலு மாதமாக முன்னறைக் கட்டிலில் கிடந்தார். இன்னும் பத்து நாள் என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தூக்க ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். ஏதாவது இருக்கும், பாருங்கள் தாத்தா, ஒரு கட்டம்தான் பாக்கி என்று இவள் விடவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்கிட்ட மிச்சம் இருக்கிறது சாவு ஒண்ணுதான் பாப்பா. வேணும்னா எடுத்துக்கோ" என்றார். அவள் கையை நீட்டினாள். அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார், எழுந்து நின்றார், சமையலறைக்கு நடந்துபோய் நாலு ரொட்டியைத் தின்றார். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோதுதான் என்ன நடந்தது என்பது அவருக்குப் புரிந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மகளின் உதடு நீலம் பாரித்திருந்ததை அம்மா பார்த்தபோது இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாருடைய சட்டையோ இருந்தது. அது கருகிப் புகைந்த பிறகும் அவள் பெட்டியை எடுக்கவில்லை. பசை துவைக்க வந்த போர்வைகளின் மேல் படுத்துக்கொண்டாள். மூச்சு விடும்போது பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. டாக்டர் வந்தார், காதில் குழாயை வைத்துக் கேட்டார், மறுபடி கேட்டார். இது எழுபத்தெட்டு வயது நுரையீரல், இதைக் காலையில்தான் வேறொரு வீட்டில் கேட்டேன் என்றார். பிறகு, வேறு வழியில்லாமல், பத்து நாள் என்றார்.

அம்மா மகளின் பக்கத்தில் மண்டியிட்டாள். "என்கிட்ட குடு தங்கம். நான் தூக்கிக்கிறேன்."

"மாட்டேன். பாதியில இறக்கக்கூடாது."

"அம்மாதானே கேக்குறேன்?"

"யார் கேட்டாலும் இறக்கக்கூடாதும்மா. இறக்கினா அட்டை செல்லாது."

கெஞ்சினாள், மிரட்டினாள், அட்டையைக் கிழித்துவிடுவேன் என்றாள். பிள்ளை அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டது. கொடுக்கிறவர் மனதார விட்டு, வாங்குகிறவரும் மனதார வாங்கினால்தான் அது கை மாறும் என்பது ஊருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பிடுங்க முடியாது. அம்மா பக்கத்துத் தெருவுக்கு ஓடினாள்.

லிஃப்ட் மெக்கானிக் ஜன்னல் வழியாகத்தான் பேசினார். முகச்சவரம் செய்திருந்தார், கன்னத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை தாழ்ப்பாளில் கை வைத்தார். இரண்டு தடவையும் கை திரும்பிவிட்டது. "நான் கெட்டவன் இல்லம்மா. பயந்தவன்" என்றார். "நாலு மாசம் அதோட ஒரே கட்டில்ல படுத்திருந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவள் ஜன்னலில் காறித் துப்பிவிட்டுத் தேவாலயத்துக்குப் போனாள்.

போதகர் ஜெபித்தார். அம்மா பொறுத்துப் பார்த்தாள். வெள்ளி முழுவதும் ஜெபம் நடந்தது. சனிக்கிழமை காலை பசைக்கு அம்மாவின் முகம் அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. அம்மா நேராகக் கூடத்துக்குள் போய், பிள்ளைகளின் வர்ணக் காகிதங்களுக்கு நடுவே நின்று, "விதி போட்டது நீங்கதானே? நீங்களே மாத்துங்க" என்றாள். முகாம் அக்கா மூன்று நாளாக அழுது வீங்கியிருந்தாள். ஆனாலும் முதலில் எழுந்தவள் அவள்தான். முகாம் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பசையிடம் போய், ஒரு விதி விட்டுப்போச்சு என்றாள். எந்தப் பக்கத்தில் என்று பசை கேட்டாள், அவ்வளவு மூச்சுத் திணறலிலும். அக்கா அவள் கண்ணெதிரிலேயே எழுதிக் காட்டினாள்: நான்காவது விதி, தூரம் அதிகமாக இருந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம், அது இறக்குவது ஆகாது. பசை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு கையைத் தளர்த்தினாள்.

அம்மா வாங்கிக்கொண்டாள். பிழியாத போர்வையை நெஞ்சோடு சேர்த்து அணைத்ததுபோல இருந்தது என்று சொன்னாள். அத்தனை கனம், அத்தனை குளிர். பசை பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தபோது அம்மாவுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் தலை வாரிவிடுவார்கள், யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள் என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. சாவைவிட அந்த யோசனைதான் அதிகம் கனத்தது. டாக்டர் அவளுக்கும் பத்து நாள் என்றார். செவ்வாய்க்கிழமை போதகர் வந்தார். முப்பது வருடமாகச் சாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்; ஒரு தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்துதான் கையை நீட்டினார். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. போதகருக்கும் பத்து நாள் என்று சொல்ல வாயெடுத்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"எல்லாருக்கும் பத்துன்னே சொல்றேன் பாருங்க. இது ஆளுக்கு ஆள் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஒரு நாளைக்கு மேல யார்கிட்டயும் வைக்காதீங்க."

சபைக் கமிட்டி அன்று கூடியது. இந்த ஊரில் அத்தனை நீளமான கூட்டம் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. சாவை அதன் சொந்தக்காரரான லிஃப்ட் மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற தீர்மானம்தான் முதலில் நிறைவேறியது. முதலில் கை தூக்கியவள் பசையின் அம்மா. ஆனால் சொந்தக்காரர் கதவைத் திறக்கவில்லை. உடைக்கலாம் என்றார்கள், உடைத்துப் பிடித்துக் கையை நீட்டவைத்தாலும் மனதார வாங்க வைக்க யாரால் முடியும்? கடைசியில், பூ வைப்பதற்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் போடுவதுபோலவே ஒரு முறைப்பட்டியல் போட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும், ஆளுக்கு ஒருநாள், காலை ஆறு மணிக்குத் தேவாலயப் படியில் கை மாற்றிக்கொள்ள வேண்டும். பதினோரு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல இந்தக் கதையில் யாருக்கும் தகுதி கிடையாது. மிச்சமிருந்தவர்கள் நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடி வாங்கப் போகிற பிள்ளைகளைப்போல ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு நின்றுதான் போட்டார்கள்.

அப்படி வருடங்கள் போயின. முறை வந்தவர் அன்று காலையே கம்பளியைப் போர்த்திக்கொள்வார். வீட்டில் சத்தம் போடமாட்டார்கள். சிலர் உயில் எழுதினார்கள், சிலர் அலமாரியைச் சுத்தம் செய்தார்கள். தபால்காரர் ஒவ்வொரு முறையும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று சொன்னதில்லை. சாயங்காலமானால் எல்லோருக்கும் ஒரே பயம்: நாளை காலை ஆறு மணிக்கு அடுத்த ஆள் வராமல் போனால்? இதனால் ஊரில் ஒரு மாற்றம் வந்தது. பட்டியலில் தனக்கு அடுத்து இருப்பவரிடம் யாரும் சண்டை வைத்துக்கொள்வதில்லை. பாடகர் குழுவில் ஒரு நாற்காலிக்காக ஏழு வருடம் பேசாமலிருந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்த நாளில் அமைந்துவிட்டார்கள். முதல் முறைக்கு முந்தைய வாரமே ஒருத்தி மற்றவளுக்கு கேக் செய்து கொண்டுபோய், நாற்காலியையும் எடுத்துக்கொள், ஆறு மணிக்கு வந்துவிடு என்றாள். முகாம் முதல் வாரத்தில் கற்பித்தது இவ்வாறு பெரியவர்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது.

நான்காவது வருடம் பட்டியலில் ஒரு பெயர் புதிதாக இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் தானே வந்து, யாரிடமும் கேட்காமல், பசையின் அம்மாவுக்கு முந்தின நாளில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சாவு அவரை அடையாளம் கண்டுகொள்ளும், அவரிடம் அதற்குப் பத்து நாள் தேவைப்படாது என்று டாக்டர் எச்சரித்தார். அவர் வந்தார், வாங்கினார், தேவாலயப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா போனபோது உதடு கறுத்து, பல் கிட்டித்து, சுருண்டு கிடந்தார். கைகள் மட்டும் நெஞ்சோடு இறுகியிருந்தன.

"வேணாம்மா. போயிடு. என்னோடதுதானே, இங்கயே முடியட்டும்."

இன்னும் ஒரு மணி நேரம் போதும் என்பது அவரைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பினால் பட்டியல் தீர்ந்தது, ஊருக்கு விடுதலை. அவள் முறை இனி வராது. பசைக்குப் பதினெட்டு வயதாவதை நினைத்து விழித்துக் கிடக்க வேண்டியதில்லை. அவள் இதையெல்லாம் நினைத்தாள். நினைக்கவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. படியில் ஒரு கால் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரொம்ப."

"எனக்கும்தான். குடுங்க" என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பிரித்தாள். ஐந்தாவது விரலில் அவர் மனம் விட்டது.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கடைக்கு நடந்தாள். அன்று முழுவதும் பயந்தாள்; முப்பத்திரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு பஸ் டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.