தலைக்குள் எடுத்த படம்

ராகேலுக்கு பைபோலார் என்று டாக்டர்கள் பெயர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. சில மாதங்கள் உறக்கமே வேண்டாமல் ஒரே நாளில் பத்து வேலையைத் தொடங்குவாள். பிறகு படுக்கையை விட்டு எழ முடியாத கனம் வந்து இறங்கும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படியொரு கனத்தில் சாகத் துணிந்தாள். பிழைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் கூட இருந்தது ஐந்து வயது மகள் ஷிஜி மட்டும்.

அதன்பிறகு அவள் கணவன் சுவாமிதாஸ், ஷிஜியைத் தன் அக்காள் பொன்னம்மையிடம் கொண்டுபோய் விட்டான். பொன்னம்மைக்குப் பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தொழிலாளர் லயத்தில் வீடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு ராகேல் மகளைப் பார்க்கப் போவாள். பொன்னம்மை முகம் கோணாமல் சோறு போடுவாள். ஆனால் தாயையும் மகளையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடமாட்டாள். வெங்காயம் உரிப்பதானால்கூட முறத்தோடு அந்த அறைக்கே வந்துவிடுவாள். ராகேல் மகளுக்குத் தலை பின்னும்போது முதுகில் அந்தப் பார்வை இருக்கும்.

ராகேல் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில், அஸ்வதி என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். பைபோலார் உள்ளவர்களில் யாருக்குத் தற்கொலை ஆபத்து அதிகம், அதற்கு மூளையில் ஏதாவது அடையாளம் உண்டா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. கேட்டதும் ராகேல் பெயர் கொடுத்தாள். அஸ்வதி சம்மதப் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினார். ராகேல் தலையாட்டினாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த ஆபத்து தன் தலைக்குள் இல்லை என்று படம் காட்டிவிட்டால் அதைப் பொன்னம்மையின் கையில் கொடுக்கலாம் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

முக்கால் மணி நேரம் ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் கிடந்தாள். தகரத்தில் அடிப்பதுபோல் இயந்திரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஜி இப்போதெல்லாம் எந்தப் பக்கம் திரும்பி உறங்குகிறாள் என்று யோசித்தாள். முன்பு சுவர்ப்பக்கம். இப்போது தெரியாது.

முடிந்ததும் ஒரு படத்தை அச்செடுத்துத் தந்தார்கள். தனக்கு ஆபத்து இல்லைதானே என்று ராகேல் அஸ்வதியிடம் கேட்டாள்.

"நூறு பேரோட படத்த சேர்த்து வெச்சா சில இடத்துல சின்ன வித்தியாசம் காணலாம், ராகேல். ஒராளோட படத்த மட்டும் பார்த்து ஆபத்து உண்டுன்னும் பறைய முடியாது, இல்லைன்னும் பறைய முடியாது."

"பின்ன எப்பிடித் தெரியும்?"

"இப்போதைக்கு உங்ககிட்ட கேட்டுத்தான். நீங்க நேரா சொல்றதுதான் எங்களுக்கு அதைவிட உபகாரம்."

அடுத்த ஞாயிறு தம்பானூர் பஸ் நிலையத்தில் பஸ் ஏறியதும் கூட வந்த சுவாமிதாஸ் ஒரு யோசனை சொன்னான். எல்லாம் சரியாகிவிட்டதாக டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடலாம், அக்காளுக்குப் படத்தைப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்றான். ராகேலுக்கும் அதே ஆசை இருந்தது. கொண்டையூசி வளைவுகள் முழுக்கப் படம் மடியில் இருந்தது.

ஷிஜி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். பொன்னம்மை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இனி பயமில்லன்னு இதுல இருக்கா பிள்ளே?"

இருக்கு என்று சொல்ல ராகேல் வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை.

"இல்ல மைனி. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். எனக்கிட்ட கேளுங்க. ரெண்டு வருசமா ஆரும் எனக்கிட்ட கேக்கல."

பொன்னம்மை படத்தை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இப்பமும் அந்த நெனப்பு வருமா?"

"சித்திரையில ஒருநாள் வந்தது. அன்னைக்கே இவருட்ட சொன்னேன், டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்த மாத்தினாங்க. அப்புறம் வரல்ல."

சுவாமிதாஸ் ஆமென்று தலையசைத்தான்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா பிள்ளைய காணவே விடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

பொன்னம்மை படத்தை உறைக்குள் போட்டாள். பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இனிமேல் அப்படி வந்தால் தனக்கும் போன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பிறகு ஷிஜியைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, விறகு எடுக்கத் தம்பி சுவாமிதாஸை அழைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை ஒருக்களித்தே விட்டாள்; ஆனால் போனாள்.

இந்த நேரத்துக்கு என்று ராகேல் இரண்டு வருடமாகச் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். ஷிஜி பாயில் குப்புறப் படுத்து மலையாளப் பாடத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினாள், விருந்தாளி முன்னால் இருப்பதுபோல் அடக்கமாக. ஒரு பக்கம் எழுதி முடித்தபின் நிமிராமலே கேட்டாள்.

"அம்மைக்கு எப்பம் பஸ்ஸு?"

"அஞ்சு மணிக்கு மக்ளே."

ஷிஜி விரல் விட்டு எண்ணினாள்.

"அப்பம் இன்னும் ரெண்டு மணிக்கூர் உண்டு" என்று சொல்லி, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.