தெஸ்ஸிமாரின் மீன் வேலி

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சபை, பிராது, சாட்சி. முன்பு ஹாவெல் ஆற்றில் மீன் பிடிக்க ஒருவன் கழி நட்டுக் கட்டிய வேலியை இன்னொருவன் இடித்தால் நாலு அடி கொடுத்துவிட்டு அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து குடிப்பார்கள். கிழவர் தெஸ்ஸிமார் இப்படி முனகியபடியே சபை கூடும் லிண்டன் மரத்தடிக்கு வந்தார்.

பிராது கொடுத்தவன் மேற்கிலிருந்து குடியேறிய ஜெர்மன் மாவு ஆலைக்காரன் லாம்பெர்ட். கிழவரின் மீன் வேலி தன் ஆலைச் சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்ணீரை மறிக்கிறதாம், பிடுங்க வேண்டுமாம். வேலி போனால் விலாங்கு போச்சு. விலாங்கை விற்றுத்தான் அவர் வீட்டில் குளிர்காலத்துக்கு ரொட்டி.

வேலி தன் அப்பா காலத்தது என்று புனிதரின் எலும்புப் பெட்டிமேல் கை வைத்து அவர் சத்தியம் செய்தால் போதும், வேலி தப்பிவிடும். ஆனால் ஒரு சொல் தடுமாறினாலும் தோல்விதான்.

"மாமா, நம்மள மாதிரி வெண்டு ஆளுங்க மேல பிராதுன்னா நம்ம பாஷையிலதான் கேக்கணும், அது சட்டம்" என்றான் மருமகன் ராதிம். "நான் பக்கத்துல நின்னு சொல்லித் தரேன். சபையில மட்டும் ஜெர்மன்ல வாயத் தொறந்துடாதீங்க. ஒரு தடவை பதில் சொல்லிட்டா அந்த உரிமை அத்தோட போச்சு."

"எனக்கு எங்கடா ஜெர்மன் தெரியும்? சந்தையில மீன் விக்கிற அளவுக்குத்தான்."

"மாட்டிக்க அது போதும்."

சிற்றரசரின் அதிகாரி வழக்குக் கேட்கப் பெஞ்சில் உட்கார்ந்ததும் லாம்பெர்ட் எழுந்தான். ஜெர்மனில் தண்ணீரைப் பற்றிப் பேசினான், சக்கரத்தைப் பற்றிப் பேசினான். கடைசியில் கிழவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அந்த வேலியில மாட்டுற விலாங்கு நாறும், நாய்கூட மோந்து பாக்காது" என்றான்.

"பொய். போன வாரம் நீதான் வாங்கித் தின்னே" என்றார் தெஸ்ஸிமார், நல்ல சந்தை ஜெர்மனில்.

ராதிம் தலையில் கை வைத்துக்கொண்டான். சபையில் ஒருவன் கனைத்தான்.

"பதில் சொல்லிட்டீங்க பெரியவரே, எல்லாரும் கேட்டோம்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "இனிமே ஜெர்மன்லதான். மருமகன் தள்ளி நிக்கட்டும்."

சத்திய வாசகத்தை ஒருவன் முதலில் முழுதாகச் சொல்லிக் காட்டினான். நீளமாகப் போனது. தண்ணீர், கடவுள், அப்பா, இந்த மூன்றும்தான் கிழவருக்குப் பிடிபட்டன. ராதிமைப் பார்த்தார். அவன் வாயைத் திறக்கக் கூடாது, தரையைப் பார்த்தான்.

"அவன் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க, போதும்" என்றார் அதிகாரி. "யாரும் உங்கள ஏமாத்தல."

"மூணு வார்த்தை புரியுது. மிச்சம் புரியல. புரியாததுக்குச் சத்தியம் கிடையாது" என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு, தெஸ்ஸிமார் கையை இடுப்புக்கச்சைக்குள் செருகிக்கொண்டார்.

வேலியைப் பிடுங்கத் தீர்ப்பாயிற்று. ஆலைக் குளத்தில் அவர் மீன் பிடிக்கும் கூடை போட்டுக்கொள்ளலாம் என்றும் அதிகாரி சேர்த்துச் சொன்னார். லாம்பெர்ட்டும் தலையாட்டினான்.

"அடுத்த சபையில கெஞ்சிப் பாக்கலாம் மாமா" என்று பின்னாலேயே வந்தான் ராதிம். "அந்த அதிகாரி நல்ல மனுஷன்தான்."

"இருக்கட்டுமே. யாருக்கு நல்லவன்னுதான் தெரியல" என்றார் கிழவர். வேலியின் கழிகளையாவது மற்றவர்கள் கை வைப்பதற்குமுன் தானே பிடுங்கிவிட வேண்டும் என்று ஆற்றுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.