ஆமாங்க

…காது தனியாகக் கிடந்தது, பாயிலிருந்து தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில், வழக்கின் போன தவணையில் வைத்தியர் அதைச் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை, செத்தவன் கழுத்தில் எலும்பு வரை இறங்கிய வெட்டு, தாடையில் ஒன்று, இடது கையில் ஒன்று, அந்தக் கை வெட்டைத்தான் வெட்டியவளுக்காக வாதாடும் அனுஷியா பிடித்துக்கொண்டாள், ஓங்கிய கையில் விழுந்த வெட்டாக இருக்கலாமா டொக்டர், இருக்கலாம், தலைக்கடியில் கொடுத்துத் தூங்கியவன் கையிலும் விழலாம், அதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். இருக்கலாம் என்ற ஒரு சொல்லின் மேல் ஒரு பெண்ணின் உயிர். கொலை என்று தீர்ந்தால் மரண தண்டனை, இப்போதெல்லாம் தூக்கில் போடுவதில்லை என்பார்கள், சிறையில் கிடந்து சாவதற்கு வேறு பெயர் இருக்கிறதா… உயிர் தப்பத்தான் வெட்டினாள் என்று நீதிபதி நம்பினால் வீட்டுக்குப் போகலாம். எந்த வீட்டுக்கு? ரத்தோட்டைக்கு மேலே அந்தத் தோட்ட லயத்தின் தொங்கல் காம்பராவுக்கா, வரிசையின் கடைசி அறைக்கா, தரையைச் சாணம் போட்டு மெழுகியும் கறை போகவில்லை என்று பக்கத்துக் காம்பரா நல்லம்மா சொன்னாளே.

நீதிமன்றத்துக்குப் பின்னால் கைதிகளை வைக்கும் அறை, கம்பிக்கு அப்பால் சிமெந்துத் தரையில் மங்களேஸ்வரி, மடியில் சோற்றுப் பார்சல், நூல்கூடப் பிரிக்கவில்லை. சாப்பிட்டீங்களா அக்கா என்று அனுஷியா கேட்டாள். ஆமாங்க மிஸ். பார்சலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பொய் சொல்கிற முகமில்லை. பெண் காவலர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள், இவ எல்லாத்துக்கும் ஆமா சொல்லுவா மிஸ், தூக்குல தொங்குறியான்னு கேட்டுப் பாருங்க. பொலிஸிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது, தூங்கும்போதுதானே வெட்டினாய், ஆமாங்க, திட்டம் போட்டுத்தானே, ஆமாங்க, அது வழக்கில் செல்லாது, செல்லாவிட்டால் என்ன, சாட்சிக் கூண்டில் ஏறினால் அரச சட்டத்தரணியிடமும் அதையே சொல்வாள், குறுக்கு விசாரணை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அனுஷியாவின் அம்மாவும் தோட்டத்தில் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அதைத்தான் சொன்னாள், கங்காணி வாயைத் திறக்குமுன்பே, என்ன கேட்கப்போகிறான் என்று தெரியாமலே, ஆமாங்க. அது பதில் இல்லை. அடியைத் தள்ளிப்போடும் ஓசை. மங்களேஸ்வரியின் புருஷன் அழகுமுத்துவிடம் அது பலிக்கவில்லை, தலைமுடியைக் கையில் சுற்றிக் கதவு நிலையில் மோதினான், ஆமாங்க, கொள்ளிக்கட்டையைத் தொடையில் வைத்தான், ஆமாங்க, அவள் தாடை உடைந்த பிறகு அந்தச் சொல்லும் சரியாக வராமல் ங்க ங்க என்று மட்டும் கேட்டதாம், கூரை வரை எட்டாத சுவருக்கு மேலே நல்லம்மாவுக்கு எல்லாம் கேட்கும், வெட்டு விழுந்த அந்த ஞாயிறு மத்தியானம் மட்டும் சண்டைச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனாள், அரச சட்டத்தரணி குனிந்து அதைக் குறித்துக்கொண்டார்.

ஆகையால் கூண்டு வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவளாக நிற்கும் இடத்திலிருந்தே சொல்லட்டும், சத்தியம் இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை, சட்டம் அதை அனுமதிக்கிறது, சொன்னது சொன்னதுதான். நாலு வாக்கியம். அவரு செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய ஓங்கினாரு. எனக்கு உயிர்ப் பயமாப் போச்சு. கத்தியப் பறிச்சேன். வெட்டினேன். அனுஷியாதான் சொல்லிக்கொடுத்தாள், மங்களேஸ்வரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள், ஓங்கினாரு, பறிச்சேன், வெட்டினேன். இரண்டாவதை விட்டுவிட்டாள். இன்னொரு முறை. மறுபடியும் விட்டாள். வேண்டுமென்றே விடுகிறாளா, அவளுக்கு எதையாவது வேண்டுமென்று செய்யத் தெரியுமா… அவரு கத்திய ஓங்கினாரா அக்கா? ஆமாங்க. தூங்கிக்கிட்டு இருந்தாரா? ஆமாங்க. ஒரே குரல், ஒரே தலையாட்டல். நான் மட்டும் என்ன கேட்டேன், முதல் நாளே, ஓங்கினாரா என்றுதானே, என்ன நடந்தது என்று கேட்கவில்லையே, பொலிஸ்காரன் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும்… பயம்னு சொல்லுங்க என்று கத்தினாள், கை தானாகப் போய்க் கம்பியில் அறைந்தது, இரும்பு அதிர்ந்தது, மங்களேஸ்வரியின் இடது கை அந்தக் கணமே தலைக்கு மேல் மடங்கியது, முழங்கைக்குக் கீழே பழைய முறிவு கோணலாக, ஆமாங்க ஆமாங்க ஆமாங்க. சோற்றுப் பார்சல் உருண்டு சுவரில் முட்டியது.

உள்ளங்கை எரிந்தது. வெளியே கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. அனுஷியா குந்தி உட்கார்ந்தாள், கறுப்புக் கோட்டு தரையில் பட்டது, கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம், மன்னிப்புக் கேட்க வந்த வாய் வேறொன்றைக் கேட்டது.

“பயமா இருந்துச்சாக்கா?”

மடங்கிய கை மெதுவாக இறங்கியது.

“இல்லீங்க.”

காவலர்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு மட்டும் இல்லீங்க மிஸ்.”

அவ்வளவுதான், பார்சலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

மணி அடித்துவிட்டது. அனுஷியா நீதிமன்றப் படி ஏறினாள். இத்தனை தவணையில் அவளுடையது என்று ஒரே ஒரு சொல், அதை வைத்து என்ன செய்வது, அந்தச் சொல்லை அவள் சொன்னால் சிறை, என் வாக்கியத்தைச் சொன்னால் வீடு, பயந்தவளுக்குத்தான் சட்டத்தில் இடம், ஒருநாள் பயப்படாமல் இருந்தவளுக்கு… அவன் தூங்கினானா, ஓங்கினானா, இப்போதும் தெரியவில்லை, கேட்க இப்போதுதான் தெரிந்திருக்கிறது, நேரம் இல்லை, போய்க் கேட்டால் சொல்வாளா, சொன்னால் கேட்க எனக்கு வேண்டுமா… மேல்படியில் மொழிபெயர்ப்பாளர் இப்திகார் நின்றார், தமிழில் வருவதைச் சிங்களத்தில் நீதிபதிக்குச் சொல்லப்போகிறவர், கையில் பேனை, முகத்தில் வழக்கமான அவசரம், அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் அனுஷியா.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. அவர் என்ன கேட்டார்?