மூச்சுத்திணறல், மூன்று வருடமாக

துறைமுகத்து ஆபீசுக்கு சார்லஸ் வருவது இது மூன்றாவது முறை. வாசலில் கிடந்த கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் எப்படிச் சாய்ந்தால் விழாமல் உட்காரலாம் என்பதுகூட அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

குடிகாட்டில் பதினான்கு வருடம் அவன் பாய்லர் ஓட்டிய ரசாயன ஆலை மூடி ஆறு வருடமாகிறது. பிறகு திருப்பூரில் கொஞ்ச நாள், அதன்பின் வாடகை ஷேர் ஆட்டோ. இப்போது கடலூர் துறைமுகத்துக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது என்றார்கள். ஒரு கம்பெனி வரிசையாகப் பாமாயில் தொட்டிகள் நிறுத்தியிருந்தது. பாமாயில் ஆறினால் உறையும். நீராவி விட்டுச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அதற்கு பாய்லர் லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். சார்லசிடம் லைசென்ஸ் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே முன்னுரிமை என்று போர்டும் இருந்தது.

அந்த உள்ளூர்தான் காலை வாரியது.

முதல் முறை வந்தபோது, ஆள் எடுக்கும் அதிகாரி சுரேந்தர் ஒரு பழைய பட்டியலை எடுத்து நீட்டினான். எட்டு வருடத்துக்கு முன் ஆலைப் புகையை எதிர்த்துக் குடிகாட்டுக்காரர்கள் போட்டு, இன்னும் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கின் மனு. பெயர், வயது, நோய். நூற்றுப் பதினோராவது பெயர் அவன் மனைவி ஜான்சி. நூற்றுப் பன்னிரண்டாவது சார்லஸ், வயது முப்பத்தாறு. ‘மூச்சுத்திணறல், மூன்று வருடமாக’.

நோய் என்ற இடத்தைக் காலியாக விட்டால் வக்கீல் பெயரை அடித்துவிடுவார் என்று அன்று ஊரில் ஒரு பேச்சு. ஜான்சிக்கு நிஜமாகவே மூச்சு இழுத்தது. அவள் வரியைப் பார்த்து அவன் தன் பெயருக்கு நேராகவும் அதையே எழுதினான். மேலே இருந்ததைப் பார்த்துக் கீழே எழுதியவர்கள் ஊரில் நிறையப் பேர்.

“நாளைக்கு மூச்சு முட்டுச்சுன்னா எங்க பாய்லர் மேல பழி போடுவீங்க. நுரையீரல் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க” என்றான் சுரேந்தர்.

டெஸ்டுக்காகச் சார்லஸ் சிதம்பரம் பஸ்சில் வழி நெடுக நின்றுகொண்டே போனான். லேபில் ப்ரீத்தி என்ற பெண் மூன்று தடவை குழாயில் ஊதச் சொன்னாள்.

“சூப்பரா இருக்குண்ணா. முன்ன ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?”

“ஒண்ணுமில்லம்மா. இருமல்தான். எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கறது.”

“இப்ப?”

கடைசியாக எப்போது இருமினோம் என்று அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

ரிப்போர்ட்டோடு இரண்டாம் முறை போனபோது சுரேந்தருக்கு அதுவும் போதவில்லை. மனுவில் எழுதியது பொய் என்று ஒரு கடிதம் வேண்டுமாம்.

“பொய்தானே, எழுதிக் குடுத்துட்டுப் போறேன்” என்று வீட்டில் பேப்பரை விரித்தான் சார்லஸ்.

ஜான்சி கையிலிருந்த இன்ஹேலரை டக்கென்று வைத்தாள். “எது பொய்யி? ஒங்க இருமலுக்கு பயந்துக்கினு ஒங்கம்மாவே இங்க தங்க மாட்டாங்க. ஆல மூடின வருசம் கிறிஸ்மசுக்குத்தான் பாட்டு முடியற வரைக்கும் இருமாம நின்னீங்க. சாமியாரே திரும்பிப் பாத்தாரு.”

“அது சும்மா இருமல்டி.”

“ஆமா, எனக்கும் சும்மாதான். இன்னும் சும்மாவே இழுக்குது.”

அவன் பேனாவைக் கடித்துவிட்டு, வேறு விதமாக எழுத ஆரம்பித்தான்.

இப்போது அந்தக் கடிதம் சுரேந்தர் கையில் இருந்தது. ‘மனு கொடுத்தபோது எனக்கு மூச்சுக் கோளாறு இருந்தது. ஆலை மூடிய பிறகு நின்றுவிட்டது. ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.’

“என்ன சார்லஸ் இது? பொய்னு எழுதச் சொன்னா கேசுக்குச் சாட்சி எழுதிட்டு வந்திருக்கீங்க!”

“நடந்தது அதான் சார்.”

“யாரு கேட்டா நடந்தத? நான் எப்படி ஹெட் ஆபீசுக்கு அனுப்புறது? எல்லாத்தயும் அடிங்க. ‘முன்பு எழுதியது பொய்’னு ஒரே வரி. திங்கக்கிழமையே சேந்துக்கலாம்.” பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

சார்லஸ் பேனாவை வாங்கினான். நூற்றுப் பன்னிரண்டு பொய் என்றால் நூற்றுப் பதினொன்றும் பொய்தான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல எவ்வளவு நேரமாகும்? புருசன் காப்பியடித்தான் என்றா சொல்வார், குடும்பமே புளுகு என்பார். ஆலை மூடியதற்கும் ஊர்தான் காரணம் என்றார்கள். இப்போது வேலை கிடைக்காததற்கும் ஊரா?

மூடியைப் போட்டுப் பேனாவை மேசையில் வைத்தான். பையிலிருந்து கடிதத்தின் ஜெராக்ஸை எடுத்தான். மனு கொடுத்தே பழகிய ஊர். நகல் இல்லாமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

“இதுல பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுங்க சார்.”

“எதுக்கு?”

“கேசுல சேக்கத்தான்.”

“யோவ், இத நான் வாங்கினேன்னு ஆச்சுன்னா ஒனக்கு இங்க வேலையே கெடயாது. புரியுதா?”

“மூணு வாட்டி வந்ததுல நல்லாவே புரிஞ்சுடுச்சு சார்” என்றான் சார்லஸ். “தேதியும் போட்டுடுங்க.”

சுரேந்தர் ஜெராக்ஸைத் தொடவில்லை. சார்லஸ் வாசலுக்குப் போய், அந்தக் கால் ஆடும் நாற்காலியைத் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.