சொத்தையில்லாத பல்

காலை டீ நேரத்தில் பன்னைக் கடித்தாள் மாலதி. பல் பன்னிலேயே நின்றுவிட்டது.

கொஞ்சமும் வலிக்கவில்லை, அதுதான் கொடுமை! ஏதோ கல் கிடந்து வாயில் அகப்பட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்தால் கீழ்வரிசை முன்பல். வேரோடு, முழுசாக, கடுகளவு சொத்தைகூட இல்லாமல்.

“ஐயோ சாமி! ஏய் ஐவி, இங்க வந்து பாரு, என் பல்லு!”

பக்கத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐவி கூடையோடு ஓடிவந்தாள். “எவ கண்ணு பட்டுச்சோடி! இந்த எஸ்டேட்டுலயே உனக்குத்தானே நல்ல பல்லு!”

சொத்தை விழுந்தால் பல் போகும், அது ஊரறிந்த சங்கதி. சொத்தையே இல்லாத பல் முப்பத்தாறு வயசில் எப்படிப் போகும்? மாலதி நாக்கால் தடவிப் பார்த்தாள். பக்கத்துப் பல்லும் ஆடியது, அதற்கடுத்ததும் ஆடியது.

மறுநாள் சனிக்கிழமை. லீவு சொல்லிவிட்டு, எட்டாவது படிக்கிற மகள் கீர்த்தனாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தேவாலாவிலிருந்து கூடலூர் பஸ் ஏறினாள்.

பல் டாக்டர் ஷிஜோ மலையாளி. சின்ன வயசு, நல்ல மாதிரி. மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டார். அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“பல்லு நல்லாத்தான் இருக்கு சேச்சி. அதைப் பிடிச்சிருக்கிற ஈறும் எலும்பும்தான் போச்சு. இன்னும் மூணு பல்லு நிக்காது. ப்ரஷ் பண்ணும்போது ரத்தம் வந்திருக்குமே?”

“வந்துச்சுங்க டாக்டர், நாலு வருஷம் முந்தியே. புண்ணாயிருக்கு, பாவம்னு அந்தப் பக்கம் ப்ரஷ்ஷே போடறதில்ல. விரலால பேஸ்ட்டைத் தொட்டு வச்சு உப்புத்தண்ணி கொப்புளிச்சுக்குவேன்.”

“அழுக்கு தங்கித்தானே ஈறு வீங்கி ரத்தம் வருது! தேய்க்காம விட்டா அது கல்லா இறுகி உள்ளே இறங்கும். சரி, என்ன சாப்பிடறீங்க?”

என்னத்தைச் சொல்வாள்? சிலோனிலிருந்து அவள் அம்மா கொண்டுவந்த பழக்கம் அந்த வீட்டில் இன்னும் மாறவில்லை. பால் விடாத சாயத்தண்ணியில் சீனி போடமாட்டார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள், நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கூட பன், ரொட்டி. கீரையும் பழமும் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் உண்டு.

“அப்போ பொழுதன்னிக்கும் வாயில சீனி ஊறி, பல்லுல அழுக்கு சேர்ந்துட்டே இருக்கு. ரத்தத்துல சர்க்கரை இருக்கான்னும் பார்த்துடுங்க. இருந்தா ஈறு இன்னும் சீக்கிரம் கெடும்.”

பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் பேர்வழி என்று, நல்ல பல்லை மாலதி தன் கையாலேயே தொலைத்திருக்கிறாளே!

அதுவரைக்கும் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கீர்த்தனா திரும்பினாள்.

“எனக்கும் ரத்தம் வந்துச்சு டாக்டர். அம்மாதான் அந்தப் பக்கம் தொடாதன்னு சொல்லுச்சு. ஒரு வருஷமா நான் தொடவே இல்ல.”

பிள்ளை அதைச் சமர்த்தாகச் சொன்னாள். மாலதி தன் பல், சர்க்கரை டெஸ்ட் எல்லாம் மறந்துபோய் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

“எம்புள்ளையப் பாருங்க டாக்டர்! மொதல்ல அவளைப் பாருங்க!”

கம்பி இப்போது மகளின் வாய்க்குள் போனது. அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்கத் தைரியம் வராமல் மாலதி டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எலும்பு போகல. ஈறு மட்டும்தான் வீங்கியிருக்கு. நான் கிளீன் பண்ணிடறேன். நாளையிலிருந்து ரெண்டு வேளையும் ஈறோரமா மெதுவா தேய்க்கணும். மொதல்ல ரத்தம் வரும், ரெண்டு வாரத்துல நின்னுடும். பயந்துட்டு நிறுத்தினா அம்மா மாதிரிதான்.”

அம்மா மாதிரிதான். அந்த வார்த்தை பஸ்ஸில் வீடு வரைக்கும் மாலதியின் கூடவே வந்தது.

ஞாயிறு காலையில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் உள்ள பைப்படியில் கீர்த்தனா ப்ரஷ்ஷை வாயில் வைத்தாள். நாலு இழுப்பில் நுரை சிவந்துவிட்டது. பிள்ளை அலறிக்கொண்டு ப்ரஷ்ஷைக் கீழே எறிந்தாள். மாலதி அதை எடுத்துக் கழுவி, மகளின் தாடையைப் பிடித்துத் தானே மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

குடத்தோடு வந்த ஐவி பதறிப்போனாள். “அடியே, உனக்கென்ன கிறுக்கா? புள்ள வாயெல்லாம் ரத்தம்! விடுடி!”

மாலதி விடவில்லை. கீர்த்தனா அவள் கையைத் தள்ளிவிட்டு, சிவப்பாகத் துப்பிவிட்டு அழுதாள்.

“நீதானேம்மா தொடாதன்னு சொன்ன?”

“ஆமா, நான்தான் சொன்னேன்,” என்றாள் மாலதி. “வாயைத் திற.”