குப்பைத் தட்டில் செதில்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கல்லுக்குள் கிடக்கும் எலும்பை ஊசியால் சுரண்டி வெளியே எடுப்பதுதான் அவள் வேலை. அதனால் மாடியில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. பதினோரு மாதமாக ஒரே பல்லி. ஆற்றுச் சேற்றில் புதைந்து, எலும்பெல்லாம் கல்லாகிப்போன, முழங்கை நீளப் பல்லி. அதோடு பேசிய அளவுக்கு அவள் மனிதர்களோடு பேசியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

கடைசி விலா எலும்பையும் துலக்கி முடித்த அன்று, குப்பைத் தட்டைக் கொட்டப் போனவள் கை சும்மா இராமல் சுரண்டிப் போட்ட ஒரு கல் சில்லை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். கடுகைவிடச் சின்னப் புள்ளிகள், வரிசை வரிசையாக. செதில்! அவளுக்குப் பகீர் என்றது.

செத்த உடம்பில் முதலில் அழுகிப்போவது சதையும் தோலும்தான். எலும்பு மிஞ்சினாலே பெரிய விஷயம். இந்தப் பல்லிக்கு ஏதோ நல்ல நேரம், தோலின் அச்சும் சேற்றில் பதிந்து அப்படியே கல்லாகியிருக்கிறது. பல கோடி வருஷம் தப்பிப் பிழைத்ததை, வெறும் கல் என்று நினைத்து, பதினோரு மாதம் பொறுமையாக உட்கார்ந்து சுரண்டித் தள்ளியிருக்கிறாள் மகராசி. பழைய தூளும் சில்லும் வாராவாரம் குப்பை வண்டியில் ஏறிப் போய்விட்டன.

மாடியேறி டைரக்டரிடம் சொன்னாள்.

"தோல் இருந்துச்சு சார். நான்தான் அழிச்சிட்டேன்."

"அடடா, அதுக்கென்ன? எலும்பு எவ்வளவு அழகா வந்திருக்கு! பாக்க வர்றவங்களுக்கு அது போதும். ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"கல்லுதானேக்கா, போனா போகுது விடு. சாப்பிட்டியா?"

"ம், ஆச்சு" என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருத்தர் நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ஆனால் திட்டுவதற்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. போனது என்னவென்று தெரிந்த ஆள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

சமையலறையில் விளக்கைப் போட்டாள்.

"ஏண்டி, கண்ணை எங்கடி வச்சிருந்தே?" என்று சத்தமாகவே கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டியவளும் அவளேதான்.